பூனை வந்த வழி

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1890-ல் ஒரு விசித்திர ஏலம் நடந்தது. ஏலத்துக்கு வந்த சரக்கு, எகிப்திலிருந்து கப்பலேறி வந்த சுமார் 19 டன் பூனை மம்மிகள். துணி சுற்றிப் பதப்படுத்தப்பட்ட இந்த உடல்கள் ஏறத்தாழ 1,80,000 இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். வாங்கியவர்களுக்குச் சரித்திரத்தில் அக்கறை இல்லை. அரைத்து வயலுக்கு உரமாகப் போட்டார்கள். எகிப்தின் பெனி ஹசன் பக்கத்தில் 1888-ல் ஒரு விவசாயி மண்ணைத் தோண்டியபோது அகப்பட்ட புதையல் இப்படித்தான் முடிந்தது.

உரமாகிப் போனவை ஒரு வழக்கின் முக்கிய சாட்சிகள். வீட்டுப் பூனையின் பூர்வீகம் எது என்ற அந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு எழுதப்படவில்லை.

நெடுங்காலம் வரை பதில் சுலபமாக இருந்தது: எகிப்து. தீப்ஸ் நகரக் கல்லறை ஓவியம் ஒன்றில், சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன்பே, நாற்காலிக்கு அடியில் ஒரு பூனை சாவகாசமாக மீன் தின்கிறது. வீட்டுப் பூனை இறந்தால் எகிப்தியர்கள் புருவத்தை மழித்துத் துக்கம் காத்ததாக எழுதினார் கிரேக்கரான ஹெரோடோட்டஸ். பூனையைக் கொன்ற ஒரு ரோமானியரைக் கூட்டம் அடித்தே கொன்றதைத் தாமே கண்டதாகச் சொல்கிறார் டியோடோரஸ்.

2004-ல் எகிப்தின் பெருமைக்குச் சோதனை வந்தது. சைப்ரஸ் தீவில், 9,500 ஆண்டுகள் பழமையான ஒரு மனிதக் கல்லறையை ஒட்டி, 40 சென்டிமீட்டர் தள்ளி, எட்டு மாதப் பூனை ஒன்று முழு உடலாகப் புதைக்கப்பட்டிருந்ததை பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-டெனி வீன் குழுவினர் அறிவித்தார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இனமே கிடையாது. யாரோ படகில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். (பூனையைக் கூடையில் போட்டுப் பேருந்தில் கொண்டுபோனவர்களுக்கு அந்தக் கடல் பயணத்தின் அருமை புரியும்.)

மூன்று ஆண்டுகள் கழித்து கார்லோஸ் டிரிஸ்கால் குழுவினர் 979 பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். உலகின் எல்லா வீட்டுப் பூனைகளுக்கும் மூதாதை, மேற்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் திரியும் லிபிகா என்ற காட்டுப்பூனையே என்று தெரிந்தது. அழகான கதை ஒன்று உருவானது: மேற்கு ஆசியாவில் மனிதன் பயிர் செய்தான், தானியம் சேர்த்தான், தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. ஆட்டையும் மாட்டையும் மனிதன் கட்டி வளர்த்தான். பூனை தானாக வந்து தங்கிவிட்டது.

ஆனால் குதிருக்குப் பக்கத்தில் வந்த பூனையெல்லாம் வீட்டுப் பூனையாகிவிடவில்லை. சீனாவின் குவான்ஹூசுன் கிராமத்தில் 5,300 ஆண்டுகளுக்கு முன் தினை தின்ற எலிகளைப் பிடித்துண்ட பூனைகளின் எலும்புகள் கிடைத்தன. ஆராய்ந்தபோது அவை வேறு இனம், சிறுத்தைப்பூனை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் உள்ள அதே இனம். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சீனர்களின் ஊர்ப்புறத்தில் நடமாடிய பிறகும் அது காட்டோடு நின்றுவிட்டது. அங்கே இன்றைய வீட்டுப் பூனை வந்தது டாங் வம்ச காலத்தில், பட்டுப் பாதை வழியாக.

இந்தியத் துணைக்கண்டத்தின் சாட்சியமும் சுவையானது. சிந்து சமவெளியின் சன்ஹுதாரோவில் கிடைத்த ஒரு செங்கல்லில், ஈரம் காயுமுன் பதிந்த பூனையின் கால்தடம். அதன் மேலே துரத்திவந்த நாயின் தடம். வீட்டுப் பூனையா, காட்டுப்பூனையா? தடம் சொல்லவில்லை. சங்கப் பாடல்களில் வரும் 'வெருகு' காட்டுப்பூனைதான். ஆனால் மாமல்லபுரத்தின் 7-ம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில், எலிகள் சூழத் தவம் செய்கிறது ஒரு பூனை. பூனையின் குணத்தை அருகிருந்து பார்த்தவர்கள் செய்த கேலி அது.

2025 நவம்பரில் கதை மறுபடி புரண்டது. ரோம் நகர டோர் வெர்காட்டா பல்கலைக்கழகத்தின் கிளாடியோ ஓட்டோனி குழுவினர் பழங்காலப் பூனைகளின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். அதற்குமுன் பெரும்பாலும் பார்க்கப்பட்டது தாய்வழியாக மட்டும் இறங்கும் ஒரு சிறு பகுதி. துருக்கியிலும் தென்கிழக்கு ஐரோப்பாவிலும் கிடைத்த ஆதிகாலப் பூனைகளை வீட்டுப் பூனையின் முன்னோர் என்று நினைத்தது அதனால்தான். முழுதாகப் பார்த்தால் அவை ஐரோப்பியக் காட்டுப்பூனைகள். வீட்டுப் பூனை ஐரோப்பாவுக்குள் வந்தது சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், வட ஆப்பிரிக்காவிலிருந்து. ஆதி விவசாயிகள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள் என்ற கருத்து அடிபட்டுப்போனது.

பழி, அல்லது பெருமை, மீண்டும் எகிப்தின் பக்கம் திரும்புகிறது. பாஸ்டெட் தேவிக்குக் காணிக்கையாகச் செலுத்த, கோயில்களை ஒட்டிப் பூனைகள் கூட்டங்கூட்டமாக வளர்க்கப்பட்டன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள பூனை மம்மிகளை எக்ஸ்-ரே எடுத்து 1981-ல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவை ஒரு வயதுகூட நிரம்பாதவை, பலவற்றின் கழுத்து முறிக்கப்பட்டிருந்தது என்று தெரிந்தது. பக்தர்கள் வாங்கிச் செலுத்துவதற்காகவே கொல்லப்பட்டவை. தலைமுறை தலைமுறையாக நெருக்கமாக அடைத்து வளர்த்த அந்த இடங்களில்தான், மனிதனைக் கண்டு மிரளாத பூனை உருவாகியிருக்கும் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

அதைச் சோதித்துப் பார்க்க எகிப்தின் மம்மிகளே வேண்டும். வெப்பத்தில் மரபணு சிதைந்துவிடுவதால் நல்ல மாதிரி கிடைப்பது அபூர்வம். 1,80,000 உடல்களில் சிலவாவது தேறியிருக்கலாம். அவை 19-ம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் வயல்களில் கரைந்துவிட்டன.