வண்ணமீன் தொட்டியும் விளக்கும்

வண்ணமீன் தொட்டியை வீட்டிலேயே செய்யலாம். 5 மில்லிமீட்டர் கண்ணாடியில் நீளம் 2 அடி, அகலம் 1 அடி, உயரம் 1 அடி போதும். சுமார் 50 லிட்டர் பிடிக்கும். சிலிகான் பசையால் ஒட்டி, 2 நாள் காயவிட்டு, தண்ணீர் நிரப்பி ஒழுகுதான்னு பாருங்க. போர் தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் கப்பி, மோலி தாங்கும்.

மூடியில் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை ஒட்டுங்கள். டைமர் வைத்து நாளைக்கு 8 மணி நேரம் எரியவிடலாம். கூடினால் பாசி படரும்.

இனி முக்கியமான சங்கதி. அடாப்டருக்கு வருவது 230 வோல்ட், ஈரக்கைக்கு எமன். அதைத் தொட்டிக்கு எட்டத் தள்ளி வையுங்க. ஒயரை பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். தொட்டிக்குள் கைவிடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.