கொக்கியூசியால் ஓர் உறி: வாடகை வீட்டிலும் எமது கைப்பின்னல்

எமது ஊர் அடுக்களைகளில் உறி தொங்காத வீடு அந்நாளில் அரிது. தயிர்ச் சட்டியும் பால் முட்டியும் பூனைக்கும் எறும்புக்கும் எட்டாத உயரத்தில் அதில் அமர்ந்திருந்தன. இடம்பெயர்ந்த நாட்களில் காணி உறுதியையும் நகையையும் எடுத்துக்கொண்டு ஓடிய எம்மவரில் எவரும் உறியை எடுத்துவரவில்லை. ஆயினும் அதனைப் பின்னும் பழக்கம் கைகளோடு கூடவே வந்தது. அப்பழக்கத்தை மீண்டும் தொடங்குவதற்கு ஒரு கொக்கியூசியும் ஒரு நூற்பந்தும் போதும்.

கட்டாரின் தலைநகரான டோஹாவில் நஜ்மா என்றொரு பகுதி உண்டு. தெற்காசியத் தொழிலாளரும் சிறு குடும்பங்களும் நெருங்கி வாழும் இடம் அது. பழைய தளபாட வியாபாரத்திற்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற சூக் ஹராஜ் சந்தையும் அங்கேயே அமைந்தது. வளைகுடா நாடுகள் எவையும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இணையவில்லை. ஆகவே அங்கு வாழும் எம்மவர் தொழில் விசாவிலோ குடும்ப விசாவிலோ தங்கியிருப்பவர்களே. அண்ணன் ஐரோப்பாவிலும் பெற்றோர் தமிழக முகாமிலுமாக, ஒரே குடும்பம் பல நாடுகளிற் சிதறிக் கிடப்பதும் புதிதன்று. விசா முடிந்தால் வெளியேற வேண்டிய வீட்டிற்கு அலங்காரம் எதற்கு எனச் சிலர் கேட்கக்கூடும். மடித்துப் பெட்டியில் வைத்து, அடுத்த வீட்டிற்கும் கொண்டுசெல்லத்தக்க அலங்காரம் இது என்பதே அதற்கு விடை.

இடம்விட்டு இடம் பெயர்வோர் நூலினால் வீட்டை அமைத்துக்கொள்வது அம்மண்ணுக்கும் புதிதன்று. பாலைவன நாடோடிகளான பதூயின் பெண்கள் ஆட்டு மயிரிலும் ஒட்டக மயிரிலும் நெய்த ‘சது’ துணிகளே அவர்களின் கூடாரமாகவும் ஒட்டக அணியாகவும் விளங்கின. ஐக்கிய அரபு அமீரகத்தின் இந்நெசவை 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தனது பாரம்பரியப் பட்டியலிற் சேர்த்தது.

குறோசேப் பின்னலின் வரலாறும் துன்பத்தோடு பிணைந்ததே. அயர்லாந்தில் 1845ஆம் ஆண்டு தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது, கோர்க், குளோன்ஸ் ஆகிய ஊர்களின் பெண்கள் ரேந்தை பின்னி விற்றுக் குடும்பங்களைக் காத்தனர். எமக்கு அண்மையில் நாகர்கோவிலில், 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு ரேந்தை வேலை கற்பித்தார். அடிமை நிலையில் இருந்த பெண்கள் சிலர் அதன் வருவாயைக் கொண்டு தமது விடுதலையைத் தாமே வாங்கினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இனிச் செய்முறைக்கு வருவோம். 12 சென்ரிமீற்றர் அகலமுள்ள பூச்சட்டிக்கு 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள பருத்தி நூலும் 6 மில்லிமீற்றர் கொக்கியூசியும் ஓர் இரும்பு வளையமும் தேவை.

முதலில் 6 சங்கிலித் தையல் இட்டு, இரு முனைகளையும் இணைத்து வட்டமாக்குக. நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி இழுக்கும் நெடுந்தையல் 12 அவ்வட்டத்தினுள் இடுக. முதல் நெடுந்தையலுக்குப் பதிலாக 3 சங்கிலி போதும். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டாக 24 இட்டால் சட்டி அமரும் அடித்தட்டு ஆயிற்று.

மூன்றாம் சுற்றில் வலை தொடங்குகிறது. 5 சங்கிலி பின்னி, இரண்டு தையல்களைத் தாண்டி, மூன்றாவதில் நூல் சுற்றாத குறுந்தையல் ஒன்று இடுக. இவ்வாறு 8 வளைவுகள் வரும். பின்வரும் நான்கு சுற்றுகளில், ஒவ்வொரு வளைவின் நடுவிலும் குறுந்தையல் இட்டு, இடையில் 7 சங்கிலி பின்னுக. வலை சட்டியின் விளிம்பை எட்டியதும் நிறுத்துக.

தொங்குகயிற்றுக்கு, ஒன்றுவிட்டு ஒரு வளைவாக நான்கு இடங்களில் நூலிணைத்து, 80 சங்கிலி பின்னி, அச்சங்கிலியின் மீதே இறுக்கமாகத் தைத்துக்கொண்டு திரும்புக. இரட்டிப்பாகத் தைக்காத கயிறு பாரத்தில் இழுபட்டு நீளும். நான்கு நுனிகளையும் இரும்பு வளையத்திற் கோர்த்துத் தைத்து முடிக்க உறி தயாராகிவிடும்.

சட்டியை வைப்பதற்கு முன், இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை ஒருநாள் தொங்கவிட்டுச் சோதித்தல் நன்று. நீர் ஊற்றிய மண்ணின் பாரம் பலரும் எண்ணுவதிலும் அதிகம். பொய்க்கூரைப் பலகையில் கொக்கி அடித்தல் ஆகாது. சுவரில் துளையிடும் முன் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டும். கோடை வெயிலும் புழுதிக் காற்றும் பருத்தியை விரைவில் நையச் செய்வதால், வெளியே தொங்கவிடுவோர் பொலியெஸ்ரர் நூலைத் தெரிவு செய்யலாம்.

பின்னியதை விற்க விரும்புவோர் ஒன்றை மறத்தலாகாது. ஆந்திராவின் நர்சாபூரில் ரேந்தை பின்னும் பெண்களை ஆராய்ந்த மரியா மீஸ், 1982இல் வெளியிட்ட நூலில், நாள்முழுதும் உழைத்த அப்பெண்களின் வேலை வெறும் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவே கணிக்கப்பட்டதையும், இலாபம் வியாபாரிகளுக்கே சென்றதையும் எடுத்துக்காட்டினார். நூலின் விலையை மட்டும் கணக்கிட்டு, கையின் உழைப்பை இலவசமாகக் கொடுக்கும் வழக்கம் எம்மிடையேயும் உண்டு. எத்தனை மணிநேரம் சென்றது என்பதை எழுதிவைத்து, அதற்கும் விலை சேர்த்துக் கேட்பதே முறை. வீட்டிலிருந்து விற்பதற்கு, வாழும் நாட்டின் சட்டமும் விசாவும் இடமளிக்கின்றனவா என்பதையும் முன்னரே விசாரித்தறிதல் அவசியம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பின்னும்போது பிள்ளைகளை அருகில் இருத்திக்கொள்ளுங்கள். உறி என்ற சொல்லை அறியாமலே எமது பிள்ளைகள் பலர் வளர்கின்றனர். அச்சொல்லை அகராதியிற் காட்டுவதைவிட ஜன்னலோரம் தொங்கவிட்டுக் காட்டினால் அது அவர்கள் நெஞ்சில் நிற்கும். அம்மம்மாவின் அடுக்களையில் அதிலே என்ன இருந்தது என்ற கதையையும் அப்போது சொல்லலாம்.