பதின்மூன்று பெண்கள் கட்டிய சங்கம்

கோல்ப் ஆட்டம் பணக்காரர்களின் பொழுதுபோக்காயிற்றே, அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் நாம் எழுதப் புகுந்தது ஆட்டத்தைப் பற்றியன்று. அந்த ஆட்டத்தையே ஜீவனோபாயமாகக் கொள்ளத் துணிந்த அமெரிக்க ஸ்திரீகள், 1950-ம் வருஷத்தில் தங்களுக்கென ஒரு சங்கத்தைக் கட்டி நிறுத்திய விதத்தைப் பற்றியே எழுதுகிறோம். சங்கம் கண்டு, அது சரியவும் கண்டு, மனம் சோர்ந்திருக்கும் பொதுநல ஊழியர்களுக்கு இவ்வரலாறு பயன்படும்.

அமெரிக்காவில் ஆண்களுக்கு 1916-ம் வருஷத்திலேயே தொழில்முறை கோல்ப் சங்கம் ஏற்பட்டுவிட்டது. பெண்களுக்கு அத்தகைய சங்கம் தோன்ற மேலும் 28 வருஷங்கள் சென்றன. 1944-ல் ஹோப் சைக்னியஸ், பெட்டி ஹிக்ஸ், எல்லன் கிரிபின் என்ற மூவர் அதை ஸ்தாபித்தனர். பெண்களுக்கான முதல் அமெரிக்க ஓபன் பந்தயம் 1946-ல் ஸ்போக்கேன் நகரில் நடந்தது. ஆயினும் போதிய பொருளின்றி அச்சங்கம் சில வருஷங்களிலேயே நொடித்துப்போயிற்று.

முதல் பிரயத்தனம் தோற்றால் பலர் கலைந்து வீடு செல்வது உலக வழக்கம். இவர்கள் கலையவில்லை. 1950-ல் 13 பேர் கூடி, எல்.பி.ஜி.ஏ. என்று இன்று வழங்கும் புதிய சங்கத்தை அமைத்தனர். அவர்களில் ஓபல் ஹில் என்ற அம்மையாருக்கு வயது 58. மார்லீன் பாவர் என்ற பெண்ணுக்கோ 16. யுத்த காலத்தில் கடற்படை வீரர் பிரிவில் பணியாற்றிய பாட்டி பெர்க் தலைவரானார். பிரெட் கார்க்கரன் என்பவர் பந்தயங்களுக்கு நிர்வாகியானார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது வில்சன் என்ற விளையாட்டுச் சாமான் கம்பெனி. வியாபாரிகளின் தயவில் சங்கம் நடப்பது அபாயமன்றோ எனலாம். அபாயந்தான். ஆனால் பணமின்றி மடிந்த முதல் சங்கத்தின் கதி அவர்கள் கண்முன்னே நின்றது.

அவ்வருஷத்துப் பந்தயங்கள் ஜனவரியில் டாம்பா நகரில் தொடங்கின. அங்கே நடந்தது ஒரு வேடிக்கை. தொழில்முறைச் சங்கத்தின் முதல் பந்தயமாகக் கணக்கிடப்படும் அதில் ஜெயித்தவர் பாலி ரைலி என்ற அமெச்சூர் ஆட்டக்காரி! பரிசுப் பணம் வாங்காதவரிடம் தொழில்முறை ஆட்டக்காரிகள் தோற்றார்கள். எள்ளி நகையாட விரும்புவோருக்கு இதைவிட என்ன வேண்டும்?

எனினும் வேலை நிற்கவில்லை. ஊர் ஊராகத் தாங்களே மோட்டார் ஓட்டிச் சென்றார்கள். மைதானத்தில் குழிகள் இருக்கவேண்டிய இடத்தைக் குறித்தவர்களும், கணக்கு எழுதியவர்களும், கடிதப் போக்குவரத்தைக் கவனித்தவர்களும் அவர்களே. ஜனங்கள் கூடும் குத்துச்சண்டைக் களத்துக்கும் பேஸ்பால் மைதானத்துக்கும் சென்று, தங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருமாறு அழைத்தார்கள். விதி பற்றிய வழக்கெழுந்தால் தீர்ப்புச் சொன்னவர்களும் அவர்களே. கட்சிக்காரரே நீதிபதியாக இருப்பது நாம் கற்ற சட்டத்துக்கு ஒவ்வாதது. ஆனால் தனியே நீதிபதி வைத்துக்கொள்ளப் பணமில்லாத சங்கம் வேறென்ன செய்யும்? ஒருவர் நேர்மையில் மற்றவர் வைத்த நம்பிக்கையே அவர்களுடைய மூலதனமாயிற்று.

நிற்க. அந்த 13 பேரில் ஜனங்களைக் கவர்ந்திழுத்தவர் பேப் ஜஹாரியாஸ். நார்வேயிலிருந்து குடியேறிய தச்சர் ஒருவரின் மகள். 1932-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் பெற்றவர். 1950-ல் டைட்டில்ஹோல்டர்ஸ், வெஸ்டர்ன் ஓபன், அமெரிக்க ஓபன் ஆகிய மூன்று பெரும் பந்தயங்களிலும் அவரே ஜெயித்தார். அமெரிக்க ஓபனில் அடுத்தவரை 9 அடிகள் முந்தினார். இத்தனைக்கும் அவ்வருஷம் அவர் பெற்ற பரிசுப் பணம் 14,800 டாலர். அதே வருஷம் ஆண்களில் முதல்வரான சாம் ஸ்னீட் பெற்றதோ 35,000 டாலருக்கு மேல்! பெண்களில் தலைசிறந்தவருக்கே பாதிகூட இல்லையென்றால், பட்டியலின் அடியில் இருந்தவர்களின் நிலையை நாம் விளக்க வேண்டுவதில்லை.

1953-ல் பேப் புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். மறுவருஷமே திரும்பி வந்து அமெரிக்க ஓபனில் 12 அடிகள் வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். 1956-ல், 45-வது வயதில் காலமானார். ஒருவரின் புகழை மட்டும் நம்பிய இயக்கமாயிருந்தால் அது அத்துடன் முடிந்திருக்கும். முடியவில்லை. குழி குறித்தவர்களும் கணக்கு எழுதியவர்களும் மீதமிருந்தார்கள்.

அந்த 13 பேரில் இன்று ஒருவருமில்லை. 1950-ல் 16 வயதுப் பெண்ணாயிருந்த மார்லீன் 2023-ல் மறைந்தார். சங்கமோ நிலைத்திருக்கிறது. 2024-ல் பெண்களின் அமெரிக்க ஓபனுக்கு மொத்தப் பரிசு 1 கோடியே 20 லட்சம் டாலர். ஆண்களுடையதற்கு 2 கோடியே 15 லட்சம். ஆகவே வித்தியாசம் குறைந்திருக்கிறதேயன்றி ஒழியவில்லை. அதை ஒழிக்கும் வேலை இன்றுள்ளவர்களுடையது.

தலைவர் ஒருவர் தோன்றினால் கூட்டம் கூடுவது எளிது. அவர் போன பிறகும் நாற்காலி போட, கணக்கெழுத, கடிதம் போட ஆள் இருக்கிறதா என்பதே கேள்வி. நம் சங்கங்களை நடத்துவோர் இதைத் தங்களையே கேட்டுக்கொள்வார்களாக.