உங்களுக்குத் தெரியுமா? – மாவ்பி முதல் சோழவரம் வரை

● யாங்கோனுக்கு (அன்றைய ரங்கூன்) வடக்கே, பியே சாலையில் உள்ள சிற்றூர் மாவ்பி. அங்கே விமானதளம் உண்டு. டிக்கெட் கவுன்ட்டர்தான் கிடையாது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் கையில் இருந்தது. 1945-ல் பிரிட்டிஷாரின் டக்கோட்டா விமானங்கள் வந்து இறங்கின. இன்று மியன்மார் விமானப்படையின் வசம்.

● பயணிகளுக்கென்று இருப்பது, மாவ்பிக்குத் தெற்கே உள்ள மிங்கலடான். உலகைச் சுற்றப் புறப்பட்ட அமெரிக்கப் பெண் விமானி அமீலியா இயர்ஹார்ட், 1937 ஜூனில் பருவமழையோடு மல்லுக்கட்டி ரங்கூன் வந்து சேர்ந்தார். ஜூலை 2-ல் பசிபிக் கடல்மேல் காணாமல் போனார்.

● 1945 மே 2. ரங்கூன் சிறைக்கூரையில், ‘ஜப்பானியர் போய்விட்டார்கள்’ என்று உள்ளே இருந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். வானிலிருந்து அதைப் பார்த்த பிரிட்டிஷ் விங் கமாண்டர் சாண்டர்ஸ், தன் மொஸ்கிட்டோ விமானத்தை மிங்கலடானில் இறக்கினார். ஓடுபாதை முழுக்கக் குண்டுக்குழி; விமானம் திரும்பக் கிளம்ப வழியில்லை. நடந்தே சிறைக்குப் போய் விஷயத்தை உறுதி செய்துகொண்டு, படகு பிடித்து ஆற்றில் இறங்கி, முற்றுகைக்கு வந்துகொண்டிருந்த கப்பற்படையிடம் சேதி சொன்னார். ஒரு பெருநகரம் காலியான செய்தியைப் படகில் போய்ச் சொல்ல வேண்டியிருந்த விமானி அவர்!

● அதற்கு மூன்றாண்டு முன்பு நம்மவர்கள் கதை வேறு. 1942-ல் ஜப்பானியர் படையெடுப்பால் பர்மாவை விட்டுக் கிளம்பிய லட்சக்கணக்கான இந்தியர்களில் விமானத்தில் இடம் கிடைத்தவர்கள் சிலரே. மே 6-ல் வட பர்மாவின் மித்சினா ஓடுதளத்தில் குண்டு விழ, அந்த வழியும் அடைபட்டது. தமிழர்கள் உட்படப் பெரும்பாலோர் மலையும் காடும் தாண்டி நடந்தார்கள். பலர் ஊர் வந்து சேரவில்லை.

● போர்க்கால ஓடுதளங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு: உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு, சோழவரம். சோழவரத்தில் பிறகு பல்லாண்டுகள் கார், பைக் பந்தயம் நடந்தது. சும்மா கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

● அமெரிக்காவில் பொதுப்பயன்பாட்டு விமான நிலையங்கள் சுமார் 5,000. முறையான பயணிகள் சேவை நடப்பது ஏறத்தாழ பத்தில் ஒன்றில்தான். மற்றவை விமானப் பயிற்சி, பயிர்களுக்கு மருந்து தெளிப்பு, ஆம்புலன்ஸ் விமானங்களால் பிழைக்கின்றன. பலவற்றின் சொந்தக்காரர் அந்த ஊர் நகராட்சியே. நம் நகராட்சிகளுக்குப் பேருந்து நிலையமே பெரும்பாடு!

● இத்தகைய சிறு நிலையங்களில் நிற்கும் பிஸ்டன் எஞ்சின் குட்டி விமானங்களின் பெட்ரோல் பெரும்பாலும் நீல நிறம். கலப்படமோ மாற்று எரிபொருளோ சேர்ந்துவிடாமல் பார்த்த மாத்திரத்தில் தெரியவே இந்தச் சாயம்.

● ஓடுபாதை முனையில் எழுதியிருக்கும் எண் வரிசை எண் அல்ல, திசைமானி காட்டும் கோணம். கடைசியில் ஒரு பூஜ்யம் சேருங்கள்: 09 என்றால் 90 டிகிரி, கிழக்கு. பூமியின் காந்த வடக்கு நகர்வதால் சில ஊர்களில் இந்த எண்ணை அழித்து மாற்றி எழுதுகிறார்கள். அடுத்த முறை ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கவனியுங்கள்.