சிங்கப்பூர் போறீங்களா? மாசத்தைப் பார்த்து டிக்கெட் போடுங்க!

சீட்டுப் பணம் எடுத்து சிங்கப்பூர் கிளம்புகிறவர்கள் கவனிக்க!

ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ சீனப் புத்தாண்டு வரும். முதல் இரண்டு நாள் பல கடைகளில் பூட்டு தொங்கும். சாமான் வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்!

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலில் இருந்து டேங்க் ரோடு முருகன் கோவிலுக்குக் காவடி போகும். ரம்ஜான் மாதம் கேலாங் சிராயில் ராத்திரிக் கடைகள். ஆகஸ்டு 9 தேசிய தினம். தீபாவளிக்கு லிட்டில் இந்தியா எங்கும் விளக்கு அலங்காரம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மழை ஜாஸ்தி. குடை அவசியம்.

உஷார்!

அங்கே ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குக்கூட வரி உண்டு. மறைத்தால் அபராதம். சூயிங்கம் கொண்டு போக 1992 முதல் தடை.

சேர்த்த காசை அபராதமாகக் கட்டிட்டு வராதீங்க!