"ஜுரம் வரலாம்" என்றாரே, அந்த நர்ஸம்மா!

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டார்களே, நினைவிருக்கிறதா சகோதரிகளே? பேத்தியின் பள்ளியிலிருந்து சீட்டு வந்ததும், "கையெழுத்துப் போடாதேம்மா" என்று மருமகளைத் தடுத்தவள் சாட்சாத் நானேதான்! வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் அப்படிப் பயமுறுத்தியிருந்தது. (அதே பேத்தியை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து அனுப்பும்போது மட்டும் எனக்குப் பயமே வந்ததில்லை!)

மருமகள் சண்டை போடவில்லை. "வாங்க அத்தை, கேட்டுட்டே வந்துடலாம்" என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள்.

"இந்த ஊசியால ஆட்டிசம் வரும்னு லண்டன் டாக்டரே எழுதினாராமே?" என்றேன். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

"எழுதினார்மா, 1998-ல. இதோட பொன்னுக்குவீங்கி மருந்தும் சேர்ந்த ஊசியைப் பத்தி. பார்த்தது வெறும் 12 குழந்தைங்களை! 2010-ல 'லான்செட்' பத்திரிகையே அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கிடுச்சு."

"அப்போ ஒண்ணுமே ஆகாதா?"

"ஜுரம் வரலாம், கை வலிக்கலாம். போட்டதும் அரைமணி உட்கார வச்சுப் பார்ப்போம்."

கர்ப்பிணிக்கு ரூபெல்லா கண்டால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். "ஒண்ணும் ஆகாது, போங்க" என்று விரட்டியிருந்தால் நான் நம்பியிருக்கவே மாட்டேன்.

அன்று ராத்திரி பேத்திக்கு லேசாக உடம்பு சுட்டது. காலையில் எழுந்ததும் இட்லி கேட்டாள்.