உங்க முடிக்கு எந்தப் பின்னல்?



காலையில் அம்மா சீப்பை எடுத்ததுமே, "ஆ... வலிக்குதும்மா!' என்று கத்துபவரா நீங்கள்? தோழிக்கு மாலை வரை அப்படியே நிற்கும் பின்னல், உங்களுக்கு மட்டும் முதல் பீரியடிலேயே அவிழ்ந்து போகிறதா? குறை உங்கள் முடியிலும் இல்லை; அம்மாவின் கையிலும் இல்லை. முடியின் குணத்துக்கு ஏற்ற பின்னலைத் தேர்ந்தெடுத்தால் பாதி சண்டை தீர்ந்துவிடும். தங்கைக்குத் தலை பின்னிவிடும் அண்ணன்களும் இதைப் படிக்கலாம்!

முதலில் ஒரு சோதனை!

தலைக்குக் குளித்ததும் முடியைச் சீவாமல், அப்படியே காய விடுங்கள். பிறகு கண்ணாடியில் பாருங்கள். கோடு போல் தொங்கினால் நேர் முடி. லேசாக வளைந்து வளைந்து இறங்கினால் அலை முடி. மோதிரம் மோதிரமாகச் சுருண்டால் சுருட்டை முடி.

ஏன் இந்த வித்தியாசம்? ஒவ்வொரு முடியும் தோலுக்குள் இருக்கும் சின்னக் குழி ஒன்றிலிருந்து வளர்கிறது. குழி நேராக இருந்தால் முடி நேராக வரும். வளைந்திருந்தால் சுருண்டு வரும். இது அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி வழியாக வந்த சொத்து. எண்ணெயையோ, ஷாம்புவையோ மாற்றுவதால் குழியின் வடிவம் மாறாது.

நேர் முடியா?

வழுக்கிக்கொண்டு ஓடும் முடி இது. சாதாரணப் பின்னல் சீக்கிரம் தளர்ந்துவிடும். உச்சியில் கொஞ்சம் முடியில் தொடங்கி, இரு பக்கமும் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே இறங்கும் பிரெஞ்சுப் பின்னல் போட்டுப் பாருங்கள். காதோர முடியும் அதற்குள் அடங்கிவிடும். விசேஷ நாளில் மீன்முள் பின்னல் போடலாம். முடியை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்க ஓரத்திலிருந்து மெல்லிய கற்றை எடுத்து மறுபக்கம் சேர்க்க வேண்டும். இப்படியே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நேர் முடியில் அந்த முள் வரிசை பளிச்சென்று தெரியும்.

அலை முடியா?

நீங்கள் அதிர்ஷ்டசாலி! நம் பாட்டிமார் போடும் மூன்று கால் பின்னல் இதில் அவ்வளவு எளிதில் நழுவாது. ஒற்றைச் சடை, ரெட்டைச் சடை இரண்டுமே பொருந்தும்.

சுருட்டை முடியா?

தலையில் ஊறும் இயற்கை எண்ணெய், நேர் முடியில் சறுக்கு மரம் போல் நுனி வரை இறங்கிவிடும். சுருட்டை முடியில் வளைவுகளைத் தாண்டி இறங்குவது கஷ்டம். அதனால் நுனி காய்ந்து, சிக்கு விழுகிறது. காய்ந்த முடியில் சின்னப் பல் சீப்பைப் போட்டு இழுக்கவே கூடாது. லேசான ஈரத்தில், நுனியில் சில சொட்டு எண்ணெய் தடவி, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல் நோக்கிச் சிக்கெடுங்கள். பிறகு தளர்வாக ரெட்டைப் பின்னல் போட்டால் சிக்கு குறையும். நெற்றியில் சுருண்டு நிற்கும் குட்டி முடிகளை விட்டுவிடுங்கள், அவை அழகுதான்!

அடர்த்தியையும் பாருங்கள்!

முடி மெலிதாக இருந்தால் நாலு கால் பின்னல் போட்டு, ஓரங்களை விரலால் லேசாக இழுத்துவிடுங்கள். சடை அகலமாகத் தெரியும். கனமான சவுரி வேண்டாம். பாரம் வேரைத்தான் இழுக்கும். முடி அடர்த்தியாக இருந்தால் ரெட்டைச் சடை நல்லது. பாரம் இரண்டு பக்கமும் பங்காகிவிடும்.

"எங்கள் பள்ளியில் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய ரெட்டைச் சடைதான்' என்கிறீர்களா? பரவாயில்லை. பள்ளி நாளில் இறுக்கத்தை மட்டும் குறையுங்கள். மற்ற பின்னல்களை விடுமுறையில் போட்டுப் பாருங்கள்.

வலித்தால் சொல்லுங்கள்!

பின்னி முடித்ததும் புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றித் தோல் இழுபடுகிறதா? அப்படியானால் பின்னல் இறுக்கம். வகிட்டிலும் நெற்றி ஓரத்திலும் சின்னப் பருக்கள் வருவது, அங்கே முடி அறுந்து குட்டையாக நிற்பது இவையெல்லாம் முடியின் வேர் விடும் எச்சரிக்கை. பல வருடங்கள் இப்படியே இழுத்துக் கட்டினால் வேர் கெட்டு, அந்த இடத்தில் முடி மறுபடி முளைக்காமலே போகலாம். அதனால், "வலிக்குதும்மா' என்று சொல்வது அடம் அல்ல, அவசியம்!

நன்றாக நனைந்த முடி சுலபமாக இழுபட்டு அறுந்துவிடும். அவசரமாக இருந்தாலும், ஈரத் தலையை இறுக்கிப் பின்ன வேண்டாம். வகிடு எடுக்கும் இடத்தை அவ்வப்போது மாற்றுங்கள். வெறும் ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி சுற்றிய பேண்ட் போடுங்கள். தூங்கும் முன் பின்னலை அவிழ்த்து, தளர்வாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

முடிக்காக ஒரு போராட்டம்!

தென் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில், 2016ல், ஒரு பெண்கள் பள்ளி மாணவியர் போராடினர். அடர்ந்து சுருண்ட தங்கள் முடியை இயல்பாக விட முடியாதபடி பள்ளி விதி இருக்கிறது என்பது அவர்கள் புகார். செய்தி உலகம் முழுவதும் பரவியது. அந்த விதியை நிறுத்தி வைக்கும்படி மாகாணக் கல்வித்துறை சொன்னது.

பார்த்தீர்களா? சுருட்டையோ, கோரையோ, எந்த முடியும் மட்டமில்லை. வகுப்பில் யாரையாவது, "பரட்டை' என்று கேலி செய்கிறார்களா? கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். "உன் முடிக்கு ஒரு நல்ல பின்னல் தெரியும், போட்டு விடட்டுமா?' என்று கேளுங்கள். புது ஃப்ரெண்ட் கிடைப்பார்!